வலது ஓரம்

ஏற்றம் ஐந்து நாற்பதுக்கு என்கிறது அட்டவணை.
அது விழிஞ்ஞத்துக்குப் போட்ட கணக்கு.
பொழியூருக்கு நானாக
ஏழெட்டு நிமிடம் கூட்டிக்கொள்வேன்.
கடல் எதையும் கூட்டுவதில்லை,
வந்துவிடும்.

மார்த்தாண்டத்தில் எனக்கு ஸ்டுடியோ.
பாஸ்போர்ட் அளவு, கல்யாணம், முதல் நன்மை,
செத்தவர் படத்தில் சட்டைக்கு மேல் கோட்டு மாட்டுவது.
ஞாயிறு விடியல் மட்டும் கரை.
முக்காலியின் இரண்டு கால் தமிழ்நாட்டில் நிற்க
மூன்றாவது கேரளத்து மணலில் புதையும்.
கைபேசி அங்கும் இங்குமாய் அலைந்து
இரண்டு மொழியில் என்னை வரவேற்று ஓயும்.

வில்லைக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி.
முப்பது நொடி திறந்து வைத்தால்
அலை புகையாகிவிடும்.
தூண்டில் வளைவின் கல்லெல்லாம்
மேகத்துக்கு மேல் எழும்பிய மலை.
ஓடுகிற நாய் படத்தில் விழாது.
வள்ளம் தள்ளுகிற பதினொரு பேர் விழமாட்டார்கள்.
நிற்பதுதான் நிற்கும்.
என்ன அமைதி, என்று
கோவளத்து விடுதி ஒன்று விலைக்கு வாங்கி
மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியது.

அந்தப் படத்தைக் கேட்டுத்தான்
மெட்டில்டா கடைக்கு வந்தாள்,
நெகிழிக் கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

போன சித்திரையில் கள்ளக்கடல்.
காற்றில்லை, மழையில்லை,
நட்ட நடு வெயிலில் எழும்பி உள்ளே வந்தது.
முதல் நாள் அடுக்களை.
மறுநாள் மிச்சம்.
குளத்தூர் வில்லேஜ் ஆபீஸில் கேட்கிறார்களாம்,
வீடு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று.
வரி ரசீது அலமாரியில் இருந்தது.
அலமாரி கடலில் இருக்கிறது.
"நீரு அங்க நிண்ணு படம் புடிச்சத
நான் துணி காயப்போட்டுட்டே பாத்தேன் ஓய்.
எனக்க வீடு அதுல இருக்கும்லா?"

இல்லை.
நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று
வலது ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்றது.
கண்ணை உறுத்துகிறதென்று வெட்டினேன்.
அதைச் சொல்லாமல் கணினியைத் திறந்தேன்.

வெட்டாத மூலம் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தது.
கொஞ்சம் முனகிச் சுற்றிவிட்டுத் தந்தது.
ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் உட்கார்ந்தாள்.
பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
தொட்டி.
தொட்டிக்குக் கீழே சுவர், ஒரு முழம்.
ஆஸ்பெஸ்டாஸ் நுனி.
கொடியில் கலங்கிய சிவப்பு,
முப்பது நொடிக் காற்றும் அதற்குள் இருந்தது,
நைட்டி என்று சொன்னால்தான் நைட்டி.
பக்கத்தில் சாம்பலாய் ஒரு தீற்றல்.
திரையில் அழுக்கென்று
விரலால் துடைக்கப் போனேன்.
"அது நானாக்கும்" என்றாள்.
"காயப்போட்டுட்டு நடந்திருப்பேன்."

பெரிய அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
அதை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள்.

தெளிவில்லை என்று எழுதி
மேலே அனுப்பியிருக்கிறார்கள்.
மேலே என்றால் நெய்யாற்றின்கரை,
அதற்கும் மேலே திருவனந்தபுரம்.
நீரோடிப் பக்கம் கல் போட்டதால்தான்
இந்தப் பக்கம் கரை போயிற்று என்று
டீக்கடையில் ஒருவர் சொன்னார்.
அந்தக் கல்தான்
என் படத்தில் மலை.

இந்த ஞாயிறு
கறுப்புக் கண்ணாடியை எடுத்துப்போகவில்லை.
ஐந்நூறில் ஒரு பங்கு நொடி.
அலை அலையாகவே விழுந்தது,
ஒவ்வொரு துளியும் உடைந்த ஓட்டுச்சில்லு.
மெட்டில்டா முழங்கால் தண்ணீரில் இறங்கி
"அடுப்பு இங்க" என்று நின்றாள்.
ஒன்று வந்து அவளை இரண்டடி தள்ளியது.
சுற்றிப் பார்த்தாள். கரையில் அடையாளத்துக்கு ஒரு தென்னை, அதுவும் சாய்ந்து.
"இல்ல, இங்க" என்றாள்.
இரண்டையும் எடுத்தேன்.
எதையும் வெட்டவில்லை.
வலது ஓரத்தில்
ஒரு நாயின் பின்பாதி.